பழைய குடும்பக் கார் வாங்குகிறீர்களா? ஆறிய இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

பழைய கார் வாங்கி ஏமாந்தவர்களின் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பார்க்கப் போன நேரத்தில் வண்டி கழுவித் துடைத்து நிற்கும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எடுக்கும். அக்கம்பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள், குறை எதுவும் தெரியாது. பணம் கைமாறிவிடும். சில வாரங்களில், குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போகும்போது, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றினால் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எரிந்திருக்கும், ஹெட் வளைந்திருக்கும். ரேடியேட்டருக்குள் லீக்கை அடைக்கும் பொடி சேறாகப் படிந்திருக்கும். அந்தப் பொடி தானாக உள்ளே போகாது. வண்டியில் குறை இருப்பது தெரிந்து, அதை மறைத்துத்தான் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மறைப்பது எப்படி என்று தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டத்தில் சூடேறும் இன்ஜினை விற்கும்வரை மட்டும் சமாளிக்க மூன்று வேலைகள் செய்வார்கள். ஒன்று, மேலே சொன்ன பொடி. இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. வழக்கமாக 82 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்க வேண்டிய அந்த வால்வு இல்லாவிட்டால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், சிறிய சுற்றில் முள் ஏறாது. மூன்றாவது, ரேடியேட்டர் ஃபேனுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்து எப்போதும் சுற்ற விடுவது. ஆகவே சாவியைப் போட்டவுடன், ஆறிய இன்ஜினில், ஏசி அணைத்திருக்கும்போதே ஃபேன் சுற்றினால் காரணம் கேளுங்கள். இருபது நிமிடம் ஓட்டியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தாலும் கேளுங்கள். முள் ஏறாமல் இருப்பதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். ஆறியபின் திறந்து பாருங்கள். கூலன்ட் அதன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறம் என்றால் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், வாட்டர் பம்பும் உள்வழிகளும் அரித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வண்டியை விட்டுவிடலாம். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன், ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள். தொட்டியில் குமிழி தொடர்ந்து வருவதும் அதே சங்கதிதான். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் வைக்கும் அந்தத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறினால் கேஸ்கெட்டோ ஹெட்டோ கசிகிறது. கேஸ்கெட் விலை குறைவுதான். ஆனால் பல அலுமினிய ஹெட்டுகளில் 0.05 மில்லிமீட்டர் வளைவைத் தாண்டினாலே லேத்துக்கு அனுப்பி மட்டமாகச் சீவ (ஃபேஸிங்) வேண்டும், வெடிப்பு இருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அது வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால்தான் கூலன்ட் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பார்க்க வரும் நாளில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள், அந்த ஒரு காரணமே போதும். இரவு முழுக்க நின்ற இன்ஜின் முதல் ஐந்து நொடியில் நிறையக் காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ட் ஆனதும் கடகடவென்று சங்கிலிச் சத்தம் எழுந்து அடங்கினால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் நீலம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. குளிர்ந்த காலையில் வெண்மையான நீராவி வருவது இயல்பு. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நீடித்தால் கூலன்ட் எரிகிறது.

புகையையும் சத்தத்தையும் அடக்க, குறிப்பிட்டதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் கெட்டியாக்கும் கலவைகளைச் சேர்ப்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கும் வழி, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பார்ப்பது. லேசான ஆவி பரவாயில்லை. புஸ்புஸ்ஸென்று விட்டுவிட்டு அடித்து மூடியைத் தள்ளினால் ரிங் வழியாக வாயு கீழே இறங்குகிறது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

செயினுக்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள வண்டியில், அது மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட கிலோமீட்டர் மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் முதுமை அடையும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து எல்லாவற்றையும் வளைத்துவிடும்.

டீசல் குடும்பக் காரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, அது எந்த மாதிரி ஓட்டத்தில் இருந்தது என்பது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே போய்வந்த டீசலில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி (டிபிஎஃப்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளச் சூடு போதாமல் அடைத்துக்கொள்ளும். பாதியில் நின்ற சுத்திகரிப்பில் டீசல் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் அதுதான். வடிகட்டி இருக்க வேண்டிய வண்டியின் சைலன்சர் வாய்க்குள் விரல் விட்டால் தடித்த கரி ஒட்டுகிறதா? வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள். இன்ஜெக்டர் அடியில் தார் போலக் கருப்பாக இறுகியிருந்தால் செம்பு வாஷர் கசிகிறது.

இன்ஜின் குறை குளிரில் தெரியும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் குறை பெரும்பாலும் சூட்டில்தான் தெரியும். குறுகிய டெஸ்ட் டிரைவில் அது தப்பிப்பது இதனால்தான். குறைந்தது முக்கால் மணி நேரம், வேகச் சாலையிலும் நெரிசலிலும் ஓட்டிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். கியர் பிடிக்க ஒன்றரை நொடிக்கு மேல் ஆனாலோ, டமாரென்று உதைத்தாலோ விலகுங்கள். கருகிய வாடையுள்ள பழுப்பு நிற கியர் ஆயில், உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்ததற்கு அடையாளம். இந்த ஆயிலை வண்டியின் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள், சூட்டில் கெடாத ஆயில் கிடையாது.

மேனுவல் வண்டியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் உயர்ந்த கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். விட்டபிறகு நியூட்ரலில் சத்தம் வந்தால் கியர்பாக்ஸ் பேரிங், செலவு பெரிது. இன்ஜினை அணைக்கும்போது அடியில் கடகடவென்று உதறினால், அதிர்வைக் குறைக்க இரு பகுதியாகச் செய்த இரட்டை ஃப்ளைவீல் உள்ள வண்டிகளில் அது தேய்ந்திருக்கும், அதன் விலை கிளட்ச்சையே மிஞ்சும்.

எச்சரிக்கை விளக்குகளில் நடக்கும் ஏமாற்று உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்திச் சொல்கிறோம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், ஆயில், பேட்டரி எல்லா விளக்கும் எரிய வேண்டும். எரியாத விளக்கு என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், மேலே டேப் ஒட்டி மறைத்திருக்கலாம். ஏர்பேக் விளக்கு சில நொடியில் தானாகவே அணைய வேண்டும். ஆயில் விளக்கு இன்ஜின் ஓடிய பிறகே அணையும். இரண்டும் ஒரே கணத்தில் அணைந்தால் ஏர்பேக் விளக்கின் வயரை மற்றதோடு இணைத்திருக்கக்கூடும். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விற்கும் வழி இது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டும்போது குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். சுயசோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று காட்டினால், சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. சில நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.

அடிப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது வீல் பேரிங். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் அல்லது புஷ், மேடுபள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாறியிருந்தால், மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்மானம், சர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். ஏழு இருக்கை வண்டியில் பின் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா, பின் ஏசிக்குத் தரைக்கடியில் போகும் குழாய் அரித்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றியே பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் ஏசி குளிர்வது போதாது, கண்டென்சரில் எண்ணெய்க் கறை இருந்தால் நேற்று நிரப்பிய கேஸ் நிலைக்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். முன்சீட்டின் அடியில் உள்ள வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். மின்கோளாறு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும், பிடிபடாது.

விற்பவர் டெஸ்ட் டிரைவை நீட்ட மறுத்தாலும், உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோக விடாவிட்டாலும், இன்னொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினாலும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால், சொன்ன குறைகளையும் சரிசெய்ததாகச் சொல்லும் வேலைகளையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி, முள் சிவப்புக்குப் போனால் அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். இழுவை வண்டியில் கொண்டுபோய்ப் பிரிக்கும்போது, கழற்றிய கேஸ்கெட், கூலன்ட் மாதிரி, பொடி படிந்த பாகங்கள் எதையும் தூக்கி எறிய விடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, மெக்கானிக்கின் கையெழுத்திட்ட அறிக்கையையும் வாங்கி வையுங்கள். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அவைதான் கையில் இருக்கும் ஆதாரம்.