ஆக்டேவியா ஆர்எஸ் 230: பாக்ஸா, ரெடிமேட் மேப்பா, கஸ்டம் மேப்பா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு ட்யூனிங் பக்கம், அதாவது என்ஜினின் சக்தியைக் கூட்டும் வேலையின் பக்கம், போய்விடும். பாக்ஸ் மாட்டலாமா, என்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவில் ரெடிமேட் ஸ்டேஜ் 1 மேப் (வேறு பாகம் மாற்றாமல் ஏற்றும் மென்பொருள்) ஏற்றலாமா, இல்லை அந்த மேப்பை இந்த ஒரு காருக்கென்றே கஸ்டமாக எழுதச் சொல்லலாமா? மூன்றையும் என் காரிலேயே வைத்து ஓட்டியிருக்கிறேன். கோவை வெயிலுக்கும் நம் பங்க் பெட்ரோலுக்கும் என் ஓட்டு கஸ்டம் மேப்புக்குத்தான். அதற்கான காரணம் விளம்பரத்தில் போடும் பிஎஸ் (குதிரைத்திறன்) எண்ணில் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என்ஜின். 1,984 சிசி, இஏ888 வரிசையில் மூன்றாம் தலைமுறை. கம்பெனிக் கணக்கில் 230 பிஎஸ், டார்க் (சுழற்றும் விசை) 350 என்எம். டர்போ ஐஹெச்ஐ தயாரிக்கும் ஐஎஸ்20, கோல்ஃப் ஜிடிஐ-யில் இருக்கும் அதே சின்ன டர்போ. கோல்ஃப் ஆர்-ல் இருக்கும் ஐஎஸ்38 இதைவிடப் பெரியது. கியர்பாக்ஸ் ஆறு கியர் டிகியூ250, கிளட்ச் ஆயிலில் ஊறியபடி வேலை செய்யும். ஸ்டேஜ் 1 விற்பவர்கள் பொதுவாக 300 பிஎஸ்ஸை ஒட்டியும், டார்க்கில் 400 என்எம்முக்கு மேலும் சொல்வார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று வழியிலும் போகலாம். போகும் வழியில் இக்னிஷன் டைமிங்குக்கு, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்துக்கு, என்ன நடக்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பாக்ஸ் எனப்படும் பிக்கிபேக், பிரஷர் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்காரும். உள்ளே 1.5 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்) இருந்தால் 1.2 தான் இருக்கிறது என்று ஈசியுவிடம் சொல்லும். ஈசியு அதை நம்பி டர்போவை இன்னும் சுற்றவிடும். மாட்ட அரை மணி நேரம், கழற்றவும் அரை மணி நேரம். பெட்ரோல் கலவை பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு திருத்திக்கொள்ளும். சிக்கல் டைமிங்கில் வருகிறது. காற்று குறைவாகத்தான் வருகிறது என்று நினைக்கும் ஈசியு, அந்தக் குறைந்த காற்றுக்கு ஏற்ற முன்கூட்டிய ஸ்பார்க்கைக் கொடுக்கும். சிலிண்டருக்குள் உண்மையில் அதிகக் காற்று இருப்பதால் நாக் வரும், அதாவது ஸ்பார்க் வந்த பிறகு மீதிக் கலவை தானாகவே வெடித்துத் தட்டும். நாக் சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைப் பின்னால் இழுக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஈசியு மறுபடி முன்னால் நகர்த்திப் பார்க்கும், மறுபடி நாக். நான் பாக்ஸ் வைத்திருந்த கோடையில் எடுத்த லாக்கில் (ஓடும்போது ஈசியு காட்டும் அளவுகளின் பதிவு) ஒரு சிலிண்டரில் 6 டிகிரி வரை டைமிங் இழுக்கப்பட்டிருந்தது. வண்டி வேகமாகத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் நாக் சென்சார்தான் என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காரின் கணினியோடு பேசி, டைமிங் இழுக்கப்படுவதைப் பார்த்துத் தானே பூஸ்ட்டைக் குறைக்கும் ஜேபி4 போன்ற நல்ல பாக்ஸ்கள் இருக்கின்றன. பாக்ஸ்தான் வேண்டும் என்றால் அந்த வகையை மட்டும் பாருங்கள்.

மலை ஏறும்போது இந்த ஏமாற்று வேலை இன்னும் ஆபத்து. ஈசியு குறிவைப்பது, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் மொத்த அழுத்தத்தை (வெளிக்காற்றின் அழுத்தமும் பூஸ்ட்டும் சேர்ந்தது). 2.2 பார் வேண்டும் என்றால் கோவையில் டர்போ வெளிக்காற்றை 2.3 மடங்கு அழுத்தினால் போதும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே 2.2 பாருக்கு 2.8 மடங்கு அழுத்த வேண்டும். கம்பெனி மென்பொருள் இதைக் கணக்கிட்டு, டர்போ அளவுக்கு மீறிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும். பாக்ஸ் 0.3 பாரை மறைத்துவிட்டால் உண்மையில் 3.2 மடங்கு ஆகிவிடும், ஈசியுவின் கணக்கில் அது வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் இதை உணர்ந்த பிறகுதான் பாக்ஸைக் கழற்றினேன்.

ரெடிமேட் மேப் இதைவிட நேர்மையான வழி. ஈசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே மாற்றி எழுதுகிறார்கள். எவ்வளவு காற்று வருகிறது என்று ஈசியுவுக்குச் சரியாகத் தெரியும், டைமிங்கும் அதற்கு ஏற்றபடி இருக்கும். பெரிய ட்யூனிங் நிறுவனங்கள் ஒரே ஃபைலை ஆயிரக்கணக்கான கார்களில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள், அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஐரோப்பாவில் 98 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவு) போட்டு ஓட்டுபவருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை என்பேன்.

நம் ஊரில் தடுக்குவது ஆக்டேன் எண். நம் ஊரில் பெட்ரோலுக்கு 91, 95 என்று சொல்வது ஆர்ஓஎன் அளவு. அமெரிக்காவில் எழுதியிருப்பது ஏகேஐ, ஆர்ஓஎன்னையும் எம்ஓஎன்னையும் (இன்னும் கடினமான சோதனையில் வரும் எண்) கூட்டி இரண்டால் வகுத்தது. அமெரிக்க 91 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 95. அவர்களுடைய 93 நம் 98-க்குப் பக்கம். ஆகவே அமெரிக்க நிறுவனத்தின் '91 ஆக்டேன் ஃபைல்' ஏற்றிக்கொண்டு 91 ஆர்ஓஎன் பெட்ரோல் போட்டால், எரிபொருள் நான்கு எண் குறைவு. எனக்கு ரெடிமேட் ஃபைல் ஏற்றிய கடையில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. இரண்டு டேங்க் சாதாரண பெட்ரோலில் ஓட்டிய பிறகு லாக் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எக்ஸ்பி100 இன்னும் நல்லது, ஆனால் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. ஊர் விட்டு ஊர் போகிறவர் அதை நம்பி மேப் எழுதக்கூடாது.

மீதிப் பாதி வெயில். 1.2 பார் பூஸ்ட்டில், டர்போவின் கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்தால், 25 டிகிரி காற்று சுமார் 130 டிகிரியாக வெளியே வரும். 40 டிகிரி காற்று 150-ஐத் தாண்டும். இன்டர்கூலர் அதைக் குறைக்கும், ஆனால் டிராஃபிக்கில் நின்று சூடேறிய இன்டர்கூலர் எவ்வளவு குறைக்கும்? குளிர்நாட்டில் எழுதிய ஃபைல் முதல் முறை மிதிக்கும்போது அற்புதமாக இழுக்கும், மூன்றாவது முறை சோர்ந்துவிடும்.

கஸ்டம் மேப்பில் ட்யூனர் உங்கள் காரின் லாக்கைப் பார்த்து எழுதுகிறார். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு டைமிங் இழுக்கப்படுகிறது, உள்ளே போகும் காற்றின் சூடு, கலவை, பூஸ்ட், ஹை பிரஷர் பம்ப்பின் அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஃபைல், ஒரு லாக், திருத்தம், மறுபடி லாக். என் காருக்கு ஐந்து முறை ஆனது, கிட்டத்தட்ட ஒரு மாதம். லாக் எடுக்கப் பொதுச்சாலையில் மூன்றாம் கியரில் 6,500 வரை இழுக்காதீர்கள், தயவுசெய்து. டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) எடுங்கள், இல்லை டிராக் டே நடக்கும்போது கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடத்தில் எடுங்கள்.

என் ட்யூனர் செய்த இரண்டு காரியங்கள் முக்கியம். 2,800 ஆர்பிஎம் வரை டார்க்கை அடக்கி வைத்தார். சின்ன டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் சேர்ந்த என்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில் அழுத்தத்தைத் திணித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ வரலாம். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்று தனி ஆயில் தரமே இதற்காக வந்தது. அப்புறம், 5,500-க்கு மேல் பூஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கி, அந்த இடத்தில் டைமிங்கைக் கூட்டினார். ஐஎஸ்20 அங்கே மூச்சு முட்டும், கூடுதல் பூஸ்ட் சூட்டைத்தான் தரும். டைனோ எண் விளம்பர எண்ணைவிடக் குறைவு. ஆனால் மே மாத மதியத்தில் மூன்றாவது இழுப்பும் முதல் இழுப்பைப் போலவே இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டியிருந்தது.

கம்பெனி ஈசியுவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மாட்டும் ஸ்டாண்ட்அலோன் ஈசியு பற்றியும் கேட்கிறார்கள். ரேஸ் காருக்கு நல்லது. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் கம்பெனி ஈசியுவோடு பேசும் ஒரு ரோடு காருக்கு வேண்டாம்.

வாரண்டி இன்னும் இருக்கிறதென்றால் நான் எதையும் தொடமாட்டேன். ஃபிளாஷ் செய்ததை (ஈசியுவில் மேப் ஏற்றியதை) டீலர் ஸ்கேன் கண்டுபிடித்தால் வோக்ஸ்வேகன் குழுமக் கார்களுக்கு டிடி1 குறி, அதாவது வாரண்டியை மறுக்கக் காரணமாகும் பதிவு, விழும். பாக்ஸைக் கழற்றிவிட்டால் தெரியாது என்பதும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. வண்டியின் அசல் விவரங்களை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உங்கள் டிகியூ200 கியர்பாக்ஸ் டிரை கிளட்ச், 250 என்எம்தான் அதன் எல்லை. மேப்பை முடிவு செய்வது அங்கே என்ஜின் கிடையாது, கியர்பாக்ஸ்தான்.

இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இ20-க்கு 13.6 பக்கம் போதும், அதாவது அதே காற்றுக்கு சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள். எத்தனால் நாக்கைக் குறைக்கும் என்பது நல்ல செய்தி, எரிபொருள் பம்ப்புக்கு வேலை கூடும் என்பது கவனிக்க வேண்டியது. என் மேப் பழைய பெட்ரோலுக்கு எழுதியது. புது லாக் எடுத்து ட்யூனருக்குப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன்.