வேக நடையா, இடைவெளிப் பயிற்சியா, எடைதூக்குதலா?

உடல் பருமன் உள்ளவர் எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும், அதன் பலனை எடைபார்க்கும் கருவியில்தான் தேடுகிறார். இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்பதே உடலின் தாங்குதிறனைக் காட்டும் அளவு. எடை குறையாமலேயே இது உயரக்கூடும் என்பதால், பயிற்சி முறைகளை உரசிப் பார்க்க இதையே உரைகல்லாகக் கொள்கிறேன்.

நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரில் பருமனான 40 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, மூன்று முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. 12 வாரங்களில் இந்த அளவு, தீவிரமாகவும் மெதுவாகவும் மாறி மாறிச் செய்யும் இடைவெளிப் பயிற்சியால் 33 விழுக்காடும், சீரான மிதவேகப் பயிற்சியால் 16 விழுக்காடும், எடைதூக்குதலால் 10 விழுக்காடும் கூடியது. 40 பேர் மூன்று குழுக்களாகப் பிரிந்த சிறிய ஆய்வு இது என்பதால், 33 எல்லோருக்கும் கிட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வரிசை தெளிவாக இருக்கிறது.

இடைவெளிப் பயிற்சி என்றதும் பலரும் மூச்சிரைக்க ஓடுவதை நினைத்து அஞ்சுகிறார்கள். 10 நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டபின், இதயத் துடிப்பை அதன் உச்சத்தில் 90 விழுக்காட்டளவுக்கு ஏற்றி 4 நிமிடம், பிறகு 3 நிமிடம் மெதுநடை என்று நான்கு சுற்று செய்வதே நார்வே முறை. 220இலிருந்து வயதைக் கழிக்கும் தோராயக் கணக்கில் 45 வயதினரின் உச்சத் துடிப்பு 175. அவர் எட்ட வேண்டியது ஏறக்குறைய 158. கனத்த உடலுக்கு டிரெட்மில்லைச் சாய்த்து ஏறி நடந்தாலே இத்துடிப்பு வந்துவிடும். ஓடும்போது முழங்காலில் விழும் அடியும் இராது. நெஞ்சுவலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

நடையைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. மாதவிடாய் நின்ற, எடை கூடிய 464 பெண்களிடம் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஆய்வில், வாரம் சுமார் 72 நிமிட மிதப் பயிற்சியே ஆறு மாதத்தில் 4.2 விழுக்காடு உயர்வைத் தந்தது. வாரம் சுமார் 192 நிமிடம் செய்தவர்களுக்கு 8.2. ஆனால் கனடாவின் கிங்ஸ்டனில் வயிற்றுப் பருமன் உள்ளவர்களை 24 வாரம் கவனித்தபோது, குறைந்த நேரம் மெதுவாகப் பயின்றவர்களில் 38.5 விழுக்காட்டினருக்கு முன்னேற்றமே இல்லை. அதே மெதுவேகத்தில் நேரத்தைக் கூட்டியவர்களில் இது 17.6 ஆகக் குறைந்தது. தீவிரத்தையும் கூட்டிய குழுவில் ஒருவர்கூட அப்படி இல்லை.

இந்த அளவை உடல் எடையால் வகுத்துச் சொல்வதில் ஒரு கணக்குக் கண்ணியும் உண்டு. 100 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால், ஒரு கிலோவுக்கு 25 மில்லிலிட்டர். உணவைக் குறைத்து 90 கிலோவுக்கு வந்தால், இதயம் இம்மியும் வலுப்பெறாமலே அது 27.8 ஆகிவிடும். ஆகவே பரிசோதனை அறிக்கையில் மொத்த லிட்டரையும் பார்க்க வேண்டும்.

எடைதூக்குதல் இந்தப் பந்தயத்தில் கடைசிதான். ஆனால் தசையைக் கூட்டுவதில் அதற்கே முதலிடம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 முதல் 300 நிமிட மிதப் பயிற்சியோடு, குறைந்தது இரு நாள் தசைப் பயிற்சியையும் கேட்கிறது.