பெரியம்மாவாகப் போன மூன்று வாரம்

மதுரை விமான நிலையத்தில் இறங்கியபோது என் பெட்டியில் பாதி, சிங்கப்பூரில் வாங்கிய குழந்தைச் சாமான்கள். அப்பா அம்மாவுக்கு இது முதல் பேரப்பிள்ளை. தங்கைக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு, பிரசவம் இரண்டையும் ஒரே விடுப்பில் பார்த்துவிடலாம் என்று மூன்று வாரத்துக்குக் கணக்குப் போட்டு வந்திருந்தேன். பிள்ளையும் என் விடுப்புக்கு இசைந்து வந்தது. இதே காரியமாக ஊருக்கு வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, எங்கே நன்றாக நடந்தது, எங்கே முட்டிக்கொண்டோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை வளையல். நேரே புதுமண்டபத்துக்குப் போய் ஏமாந்தேன். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே கண்ணாடி வளையல் விற்கிற பெரியவரிடம் தங்கையின் அளவு 2-4 என்றேன். “எத்தனையாவது மாதம்?” என்று கேட்டார். ஒன்பது என்றதும் 2-6 எடுத்து வைத்தார். “கை வீங்கியிருக்கும் அம்மா. ஏற்றும்போது உடைந்தால் சபையில் சங்கடம்” என்றார். மீந்த டஜனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார், சொன்னபடியே எடுத்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் நான் கண்ட சிறந்த சேவை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பிறகு அந்த முடிவை மாற்ற வேண்டி வந்தது.

வளைகாப்பு தேனிப் பக்கம், மாப்பிள்ளை வீட்டில். ஐந்து வகைச் சாதம், அதில் புளியோதரைக்கு மட்டும் இரண்டாம் முறை வரிசை நின்றது. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் தங்கைக்குப் போட்டது போக ஐந்து வளையலை என் கையில் ஏற்றி, “அடுத்தது உனக்குத்தான்” என்று கன்னத்தை வழித்தார். இந்தச் சேவைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று இன்னமும் தெரியவில்லை. வளையலைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

மதுரைக்கு அழைத்து வந்த பிறகு கடைசி ஸ்கேன். நான் சிங்கப்பூர் நினைப்பிலேயே, “என்ன குழந்தை டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன். அங்கே அலுவலகத் தோழிகள் பாதி மாதத்திலேயே தெரிந்துகொண்டு அதற்கேற்ற நிறத்தில் சட்டை வாங்குகிறார்கள். டாக்டர் வாய் திறக்காமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தங்கை என் கையைக் கிள்ளியது இரண்டு நாள் சிவந்திருந்தது.

பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில். ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 இப்படித்தான் நடக்கிறது. தேவையில்லாமல் செய்கிறார்களோ என்ற சந்தேகத்தோடுதான் நானும் டாக்டர் முன் போய் நின்றேன். அவர் இதயத் துடிப்புத் தாளை விரித்து, துடிப்பு எங்கெங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். அவசரத்திலும் பத்து நிமிடம் ஒதுக்கினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம் கதவுக்கு வெளியே. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த ஆயா, முகத்தைக் காட்டுவதற்கு முன் கையை நீட்டினார். “பெண் குழந்தை. ஐநூறு கொடுங்கள். பையன் என்றால் ஆயிரம்.” எனக்குக் கொடுப்பதே பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ வேறு கோபம். “என் பேத்திக்கு ஏன் குறைத்துக் கேட்கிறாய்?” என்று ஆயிரத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு ஆயா சிரித்த சிரிப்பைப் பார்த்தால், இதுவும் அவர் அறிந்த உத்திதானோ என்று தோன்றியது.

‘எல்லாம் அடங்கிய’ தொகை என்று சேர்க்கும்போது சொன்னார்கள். பில்லில் கையுறைக்குத் தனிக் கட்டணம், குழந்தையைக் கதகதப்பாக வைத்த பெட்டிக்குத் தனிக் கட்டணம். கேட்டால், தொகை அம்மாவுக்கு மட்டும்தானாம். என் வெளிநாட்டு கார்டை மிஷின் ஏற்கவில்லை. கைபேசியில் பணம் அனுப்பும் வசதிகளான சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டது கைகொடுத்தது. கைபேசியிலிருந்தே அப்பாவின் கணக்குக்கு அனுப்பினேன், அவர் கட்டினார். உங்கள் வங்கி அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை மூன்றாம் நாள் மாலை வந்தது. “ஆர்.சி.எச். எண் எங்கே? அது இல்லாமல் பிறப்பைப் பதிய முடியாது” என்றார் அலுவலகப் பெண். கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தருகிற 12 இலக்க எண் அது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவத்துக்கும் அதைக் கேட்கிறார்கள். தங்கைக்கு அப்படியொன்று இருந்ததே நினைவில்லை. மூன்றாம் மாதத்தில் மாப்பிள்ளை ஊர்க் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து ஆதாரை வாங்கி எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு மாதந்தோறும் போன் செய்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டதெல்லாம் தங்கைக்குத் தொந்தரவாகத்தான் இருந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்குத் தயங்கித் தயங்கி அழைத்தோம். இரண்டாவது மணியில் எடுத்தார். எண்ணை அப்போதே அனுப்பினார். என்ன குழந்தை, எத்தனை கிலோ, தாய்ப்பால் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒன்றரை மாதத்தில் போட வேண்டிய தடுப்பூசிக்குப் பணம் கட்ட வேண்டாம், பக்கத்துச் சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள் என்றும் சொன்னார். வளையல் கடைப் பெரியவர் என் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது அப்போதுதான். பிரசவத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள், இறங்கிய வாரமே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வழக்கு. குழந்தைக்கு மருந்து உரைத்துப் புகட்ட அம்மா உரைகல்லைக் கழுவி வைத்து, வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் தயாராக வைத்திருந்தாள். குழந்தை டாக்டரோ ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஏற்கெனவே மருத்துவமனையில், பிறந்ததும் நாவில் இனிப்பு தொட்டுச் சேனை வைக்க விடவில்லை என்ற வருத்தம் அம்மாவுக்கு. கடைசியில் வசம்பைத் துண்டு துண்டாகக் கோத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டினாள். அதோடு ஓய்ந்தது.

அவளுடைய மிச்ச வைராக்கியம் எல்லாம் லேகியத்தில் இறங்கியது. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் பிரசவ மருந்து என்று சொன்னதுமே, “சுகப்பிரசவமா, ஆபரேஷனா?” என்றார் கடைக்காரர். ஆபரேஷன் என்றதும், டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்று சொல்லியே சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று பொட்டலம் கட்டினார். அம்மா கருப்பட்டியும் நெய்யும் விட்டு அரை நாள் கிண்டினாள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கிறது. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் போகிற போக்கைப் பார்த்தால் அந்த ஓராண்டும் தேவைப்படும்.

சிங்கப்பூர் வந்து பெட்டியைத் திறந்தேன். குழந்தைச் சாமான் இருந்த இடத்தில் துணிக்கு நடுவே லேகியம் ஒரு டப்பா. பிள்ளை பெற்றவள் சாப்பிடுவதுதானே இது என்று அம்மாவைப் போனில் கேட்டேன்.

“இடுப்பு வலிக்கும் நல்லது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு உருண்டை” என்று சொல்லிவிட்டு, போனைக் குழந்தையின் பக்கம் திருப்பினாள்.