மேடவாக்கம் பக்கம் வீடு காட்டிய தரகு அலுவலகம்: ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்

அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. வீட்டைப் பிடித்துவைக்க நாங்கள் கொடுத்த டோக்கன் பணத்தில் பாதி இன்னும் அவர்களிடம் இருக்கிறது, அது கைக்கு வரும் வரை பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் நான்கு மாதம் அவர்களோடு சுற்றியதில் தெரிந்துகொண்டதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. இதே மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இப்போது வீடு தேடிக்கொண்டிருப்பவர்களில் பலரும் இப்படி ஓர் அலுவலகத்தில்தான் போய் உட்காருவார்கள்.

நான் வீடே வாங்கக் கூடாது என்கிற கட்சி இல்லை. சென்னையில் வீட்டு விலை சம்பளத்தையும் வாடகையையும் விட்டு ரொம்ப தூரம் போய்விட்டது, இது ஊதிப் பெருத்த விலை, என்றைக்காவது காற்று இறங்கும் என்று நினைக்கிறவன். மனைவிக்குச் சொந்த வீடு வேண்டும், மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், அத்தை வரும்போதெல்லாம் "வாடகை கொடுக்கிறது தண்டம் மாப்பிள்ளை" என்கிறார். சரி, கணக்கு ஒத்துவந்தால் வாங்குவோம் என்றுதான் போனோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் செய்தால் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கும் கார் அனுப்புவார்கள், குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் முதல் எல்லாம் இருக்கும். கூட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், மரியாதையான பையன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதத்துக்கு இத்தனை பார்ட்டியை முடிக்க வேண்டும் என்று அவனுக்கு மேலே இருக்கிறவர் கழுத்தைப் பிடிக்கிறார் என்பது இரண்டாவது வாரமே புரிந்துவிட்டது. ஒன்றரை நட்சத்திரம் அந்தப் பையனுக்காக.

முதலில் நாவலூர் பக்கம் ஒரு புது புராஜெக்ட். பள்ளம்கூடத் தோண்டவில்லை, தகரம் அடித்த வேலியும் ஒரு மாதிரி வீடும்தான். ரெரா நம்பர், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், கேட்டால் "அப்ளை பண்ணியாச்சு சார், வந்துடும், நம்பர் வந்ததும் ரேட் ஏறிடும், இப்ப ப்ரீ-லான்ச் விலை" என்றார்கள். ஐந்து லட்சம் கட்டி வைக்கச் சொன்னார்கள். 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, பதிவு எண் வாங்காத புராஜெக்டுக்கு விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. தரகரும் அதை விற்றுத்தரக் கூடாது, விற்றால் தரகருக்கே நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பதிவு ஆனபிறகும்கூட, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி உண்மையிலேயே திகைத்துப் போனான், அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே இன்னொன்றும் சொன்னார்கள்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ ஓட ஆரம்பித்தால் விலை இரண்டு மடங்காம். ஓடாத ரயிலுக்கான காசு அந்த விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதே, ஓடிய பிறகு எதற்காக இன்னொரு முறை ஏற வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை.

இரண்டாவது, பெரும்பாக்கத்தில் ஏழு வருடப் பழைய அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

விலை 95 லட்சம். பேப்பரில் 1,120 சதுர அடி. டேப் வைத்து நாங்களே அளந்தோம், மனைவி ஒரு முனையைப் பிடிக்க நான் மறுமுனை. சுவருக்குள் கால் வைத்து நடக்கிற இடம் 790 சதுர அடிதான். மீதி எல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் நம் பங்கு. சதுர அடி 8,500 ரூபாய்க்குள் என்று அவர்கள் சொன்னது, புழங்குகிற இடத்துக்குக் கணக்குப் போட்டால் 12,000-ஐத் தாண்டுகிறது. பிரிக்கப்படாத மனைப் பாகம், அதாவது யுடிஎஸ், 410 சதுர அடி. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டடம் வருடா வருடம் பழசாகும், விலை ஏற வேண்டியது அந்த 410 அடி மண்தான். இதை ஒரு தரகரும் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் அப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மனைவி சமையலறையைப் பார்க்கிற சாக்கில் அந்த அம்மாவிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டாள். 22,000 ரூபாய். தரகர் எங்களிடம் சொல்லியிருந்தது "முப்பது தாராளமா வரும் மேடம்". வருடத்துக்கு 2.64 லட்சம் வாடகை தரும் வீட்டுக்கு 95 லட்சம் கேட்கிறார்கள் என்றால் வருமானம் 2.8 சதவீதம்கூட இல்லை, வங்கியில் வைப்புநிதியாகப் போட்டாலே இதைவிட அதிகம் வரும். எங்களுக்கு 70 லட்சம் கடன் கிடைக்கும் நிலை. எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 60,750. முதல் வருடத்தில் கட்டுகிற வட்டி மட்டும் 5.9 லட்சம் வருகிறது. வாடகை தண்டம் என்றால் இந்த வட்டியை என்ன சொல்வது? அத்தையிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார். இதற்கு மேல் பத்திரச் செலவு, முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 8.55 லட்சம். அது திரும்பி வராத பணம். வட்டி இப்படியே இருக்கும் என்றும் இல்லை: ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது, அலுவலக நண்பர் ஒருவருக்குத் தவணை மாறவில்லை, ஆனால் கட்ட வேண்டிய வருடங்கள் நீண்டுகொண்டே போயின.

இந்தக் கணக்கை அலுவலகத்தில் மேலே இருப்பவரிடமே வைத்தேன். அவர் சொன்னது: "சார், நிலம் என்னைக்கும் இறங்காது. நீங்க இன்டர்நெட் பார்த்துப் பயப்படறீங்க." நான் இன்டர்நெட் பார்த்துப் பயப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வந்துவிட்டது, இனி தங்கம் விளையும் என்று 2007-ல் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு மனையை விற்றார்கள். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலையே மூடியது. தங்கை கல்யாணத்துக்கு அந்த மனையை விற்க அவர் இரண்டு வருடம் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். சிறுசேரியில் 2013-ல் 46 லட்சத்துக்கு வாங்கிய சக ஊழியர் ஒருவர் 2019-ல் 45-க்கு ஆள் கிடைக்காமல் வாடகைக்கு விட்டார். அமெரிக்காவிலும் வீட்டு விலை இறங்காது என்றுதான் 2006 வரை சொன்னார்கள். அங்கே மாதிரி வருமானமே பார்க்காமல் இங்கே வங்கிகள் கடன் கொடுப்பதில்லை, 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் வீட்டு விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தர ரிசர்வ் வங்கி விடாது, அதனால் அதே வேகத்தில் இங்கே சரியும் என்று நான் சொல்லவில்லை. இங்கே விலை சட்டென்று சரியாமல், பல வருடம் அப்படியே படுத்துக்கிடக்கலாம்; தவணை கட்டுகிறவனுக்கு அதுவும் நஷ்டம்தான்.

இன்னொரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தரகர் விலையை ஏற்றிவிடுகிறார் என்று பொதுவாகச் சொல்வோம். இவர்களுக்கு எங்களிடம் ஒரு சதவீதம், ஓனரிடம் ஒரு சதவீதம். விலையில் ஐந்து லட்சம் குறைந்தால் அவர்களுக்குப் போவது 10,000 ரூபாய். வியாபாரம் நடக்காவிட்டால் போவது 1.9 லட்சம். அதனால் விலை சரியா தப்பா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, இந்த வாரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்கிற போன் ஏன் எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் டோக்கன் கொடுத்தோம். ரொக்கமாகக் கேட்டார்கள். வீடு நிலம் விற்பதற்கான பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லி, 50,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம், மீதியைக் கையில் கொடுங்கள் என்றும் ஒரு யோசனை வந்தது, அதை மனைவியே மறுத்துவிட்டாள்.

டோக்கன் கொடுத்த மறுநாள், யாரையும் கூட்டிக்கொள்ளாமல் நாங்கள் இருவர் மட்டும் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். வாட்ச்மேன் பெரியவர் சாவகாசமாகப் பேசினார். "இங்க தண்ணி வருமா ஐயா?" என்று கேட்டதும் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போய், புதிதாகப் பெயின்ட் அடித்த தூணில் தன் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நான்கு நாள் வடியவில்லை, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் பிறகு மேலே தூக்கி மாட்டினார்கள் என்றார். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தது. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் வந்து தங்குகிற இடம் அது. "இது மேட்டு நிலம் சார், சொட்டுத் தண்ணி நிக்காது" என்று எங்களிடம் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. விலையைப் பற்றிச் சொன்னதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இடுப்பளவு தண்ணீரை மறைத்ததை முடியவில்லை, அந்த வீட்டில் என் குழந்தை தூங்கியிருக்கும்.

வேண்டாம் என்றோம். டோக்கன் ஓனரிடம் போய்விட்டது, அவர் தரமாட்டார் என்றார்கள். சொத்தின் மேல் நடந்த பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் நாங்களே பார்த்திருந்தோம், அதில் ஓனர் பெயர் இருந்தது, வாடகைக்கு இருந்த அந்த அம்மா மூலம் அவரோடு பேசினோம். அவருக்கு வந்தது 25,000 மட்டுமே, அதை இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார், நல்ல மனிதர். வேறு பார்ட்டி யாரும் வரவில்லை என்றும் சொன்னார். மீதி 25,000 அலுவலகத்தில் இருக்கிறது, "சர்வீஸ் சார்ஜ்" என்கிறார்கள், ரசீது கேட்டால் தரவில்லை.

இதற்குப் பிறகும், புது விமான நிலையம் வரப்போகிறது என்கிற பரந்தூர் பக்கம் மனை பார்க்க வாங்க என்று கூப்பிட்டார்கள். விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022-லிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள், அதைக் காட்டி ஊர் சுற்றிலும் மனை போட்டு விற்க எப்படி மனசு வருகிறதோ. போகவில்லை.

எல்லாத் தரகரும் இப்படி என்று எழுத மாட்டேன். இப்போது நாங்கள் இருக்கிற மடிப்பாக்கம் வாடகை வீட்டைப் பிடித்துத் தந்தவர் ஒரு பெட்டிக்கடைக்காரர், ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டார், மழைக்குப் பின்பக்க ரூம் ஒழுகும் என்று அவரே முதல் நாளே சொன்னார். வீடு வாங்குகிற விஷயத்தில் மட்டும், எங்களுக்கு உருப்படியாக உதவியது நாங்களே பணம் கொடுத்து வைத்துக்கொண்ட வக்கீல்தான். மூலப் பத்திரத்திலிருந்து பார்த்துச் சொல்ல 8,000 ரூபாய் வாங்கினார், நாங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு அதே காசு.

பெரும்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கத் தெருக்களில் 2015 வெள்ளத்தின்போதும் 2023 புயலின்போதும் குடியிருந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் தெருவில் தண்ணீர் எந்த அளவு வந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று கீழே எழுதுங்கள். தெருப் பெயரையும் போடுங்கள், தேடுகிறவர்களுக்கு அது வேண்டும்.