ஜட்டியைப் புதைப்பதா, மண்ணைத் தபாலில் அனுப்புவதா?

பொதுமக்களே தங்கள் மண்ணைச் சோதித்துப் பார்க்கும் திட்டங்களில் எது நமக்கு முதலில் வேண்டும்? 2021-ல் சுவிட்சர்லாந்தில் ஆயிரம் பேர் தங்கள் தோட்டத்திலும் வயலிலும் ஆளுக்கு இரண்டு வெள்ளைப் பருத்தி ஜட்டிகளைப் புதைத்தார்கள். அக்ரோஸ்கோப் என்ற அரசு வேளாண் ஆய்வு மையமும் சூரிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. ஒரு மாதம் கழித்து ஒன்றைத் தோண்டி எடுக்க வேண்டும், இரண்டாம் மாதம் இன்னொன்றை. மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக இருந்தால் பருத்தியைத் தின்றுவிடும். நல்ல மண்ணிலிருந்து எடுத்தால் இடுப்பு எலாஸ்டிக்கும் கொஞ்சம் தையல் நூலும்தான் கையில் வரும். மண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று ஒரு குழந்தைக்குக் காட்ட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இதே கேள்வியை இன்னும் துல்லியமாகக் கேட்பது தேயிலைப் பை முறை. கிரீன் டீ பை ஒன்று, ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்ப் பை ஒன்று, எட்டு சென்டிமீட்டர் ஆழம், மூன்று மாதம். முன்னும் பின்னும் எடை போட்டால் மக்கும் வேகம் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். நகைக்கடையில் இருக்கும், நம் வீட்டில் இருக்காது.

இங்கிலாந்தில் 2009-ல் நடந்த மண்புழுக் கணக்கெடுப்புக்குத் தராசுகூட வேண்டாம். ஒரு சின்னக் குழி, கடுகுப்பொடி கரைத்த தண்ணீர். தோல் எரிச்சல் தாங்காமல் ஆழத்துப் புழுக்களும் மேலே வந்துவிடும், எண்ணிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காலை நேரம் போதும்.

சரி, இந்த மூன்றுக்கும் எதிரே சிட்னியை வைக்கிறேன். மெக்குவாரி பல்கலைக்கழகம் 2013-ல் தொடங்கிய வெஜ்சேஃப் திட்டத்தில் புதைப்பதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. வீட்டு முன்புறம், சுவரோரம், காய்கறிப் பாத்தி என்று தனித்தனியாக மண் எடுத்துப் பையில் போட்டுத் தபாலில் அனுப்பினால், அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பதில் வரும். சோதித்த சிட்னி வீடுகளில் சுமார் 40 சதவீதத்தில் காரீயம் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, இது குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது.) பழைய வீடுகளின் சுவரோரத்தில்தான் மோசம். பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து அங்கேதான் விழுகிறது.

என் ஓட்டு சிட்னிக்கு. பங்கெடுப்பவர் மகிழ்ச்சியை மட்டும் பார்த்தால் ஜட்டி ஜெயித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காரீயம் ஏறிய மண்ணிலும் மண்புழு நெளியும், பருத்தி மக்கும். எலாஸ்டிக் மட்டும் மிஞ்சியதைப் பார்த்து ‘ஆகா, நம்ம மண் பிரமாதம்’ என்று அதே பாத்தியில் கீரை விதைத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால்? வயல் மண்ணிடம் ‘உயிர் இருக்கிறதா’ என்று முதலில் கேட்கலாம். நகரத்து மண்ணிடம் ‘விஷம் இருக்கிறதா’ என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 வரை ஓடியது. பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டிப் புகையில் வந்த காரீயம் ஆவியாகிப் போய்விடாது, சாலையோர மண்ணிலேயே தங்கும். ஆனால் விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டையில் உள்ள 12 சோதனைகளில் காரீயம் கிடையாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை என்று பயிருக்கு வேண்டியதைத்தான் அது பார்க்கிறது. அது வயலுக்காக வந்த அட்டை, குறை சொல்ல முடியாது. மயிலாப்பூரிலோ ராயபுரத்திலோ பழைய வீட்டுக் கொல்லையில் கீரை போடுகிறவருக்கு அது போதாது.

நம் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்று இதைத் தொடங்கினால், ஒரு தெருவுக்குப் பத்து வீடு, வீட்டுக்கு மூன்று பை மண் என்று முதலில் காரீயத்தைப் பார்க்கட்டும். அப்புறம், சுத்தம் என்று தெரிந்த பாத்திகளில் ஜட்டியைப் புதைக்கலாம்.