பேபால் வெரிஃபிகேஷன்: 2 ரூபா 31 காசுல முடிஞ்ச கத

திருப்பூர்ல எம்பிராய்டரி டிஜிட்டைசிங் பண்றேங்க. கஸ்டமர் லோகோ அனுப்புவாங்க, அத மிஷின் தைக்கிற மாதிரி ஃபைலா மாத்திக் குடுக்கணும், அவ்ளோதான் தொழில். உள்ளூர் யூனிட்காரங்கன்னா ஜிபேல போட்டுட்டு போயிட்டே இருப்பாங்க. வெளிநாட்டு பார்ட்டி வந்தா மொத கேள்வியே "பேபால் இருக்கா"தான். நாடு விட்டு நாடு ஆன்லைன்ல காசு அனுப்புற சர்வீஸ் அது. இல்லங்க இல்லங்கன்னு சொல்லியே மூணு ஆர்டர விட்டுட்டு நாலாவதுக்குத்தான் ஆரம்பிச்சேன். இத்தன நாள் இழுத்ததுக்குக் காரணம் பயம்தான், வேற ஒன்னும் இல்ல. "பேங்க் நம்பர கம்ப்யூட்டர்ல போட்டுட்டு நாளைக்கு பத்து காசு இல்லாம வந்து நிக்காத"ன்னு எங்கம்மா வேற தெனமும் ஓதிட்டு இருந்தாங்க.

இந்த பயத்துல பாதி நியாயம், பாதி வெத்து. அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சிங்கற பிராஞ்ச் கோடும் நாம குடுக்குற ஒவ்வொரு செக் லீஃப்லயும் அச்சடிச்சே இருக்கு, இத வச்சு ஒருத்தன் நம்ம அக்கவுண்ட்ல காசு போடலாம், எடுக்கணும்னா ஓடிபியோ பின்னோ நெட்பேங்கிங் பாஸ்வேர்டோ வேணும். கார்டு கத வேற. 16 நம்பர், எக்ஸ்பைரி தேதி, பின்னாடி இருக்குற சிவிவி மூணும் கெடச்சா ஓடிபி கேக்காமயே காசு எடுக்குற வெளிநாட்டு சைட் எக்கச்சக்கம். அதனால காசு வாங்குறதுக்கு மட்டும் பேபால் வேணும்னா கார்டு பக்கமே போகாதீங்க, பேங்க் அக்கவுண்ட் மட்டும் போதும். நான் கார்ட சேக்கவே இல்ல, ஒரு வேலையும் நிக்கல. போதாக்கொறைக்கு பேங்க் ஆப்ல அந்த கார்டுக்கு இன்டர்நேஷனல் சுவிட்ச ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், 2020ல ஆர்பிஐ கொண்டு வந்த வசதி, எல்லா பேங்க் ஆப்லயும் எங்கயாவது ஒரு மூலைல கெடக்கும், தேடுங்க.

வீட்டுச் செலவு ஓடுற மெயின் அக்கவுண்டயும் குடுக்கல. வேற பேங்க்ல ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் ஒன்னு தொறந்தேன். அந்த பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட் எடுத்தா அதே பேங்க்ல இன்னொரு சேவிங்ஸ் வச்சிக்க முடியாது, அதனாலதான் வேற பேங்க். காசு வந்ததும் மெயினுக்கு மாத்திடுவேன், அதுல எப்பவும் ஒரு சினிமா டிக்கெட் காசுக்கு மேல இருக்காது. எவனாவது உள்ள பூந்தாலும் பாவப்பட்டு அவனே ஏதாவது போட்டுட்டுத்தான் போவான்.

இப்ப பேபால் சைட்டுக்கு வரேன். பான் நம்பர் கேக்கும், எந்த வேலைக்கு காசு வருதுன்னு ஒரு பர்பஸ் கோட் கேக்கும், ரெண்டும் கட்டாயம். எனக்கு முட்டுனது பேர்லதான். நமக்கு இனிஷியல்தானே, ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னு கேட்டா என்னத்த போடுறது? பான்ல அப்பா பேரு முழுசா இருக்கு, பாஸ்புக்ல என் பேருக்குப் பின்னாடி ஒத்த எழுத்து எஸ்ஸு, ஆதார்ல அதே எஸ்ஸு முன்னாடி. மூணும் நாந்தான், ஆனா மூணும் வேற வேற ஆளு மாதிரி நிக்குது. பேபால்ல பான்ல இருக்குற மாதிரியே போடணும், பேங்க் பேரும் அதோட ஒத்துப் போகணும். புது அக்கவுண்ட் தொறக்குறப்பவே பான் பேர சொல்லியிருக்கலாம், எனக்கு அப்ப தெரியல. பாஸ்புக் பேர மாத்தச் சொல்லி ஃபார்ம எழுதிக்கிட்டு பிராஞ்சுக்குப் போனா கவுண்டர்ல இருந்தவரு பாஸ்புக்க திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "எஸ்ஸுன்னாலும் அப்பா பேருதானேம்மா, எதுக்கு மாத்தற?"ன்னாரு. சார், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியலையேன்னேன். மறுநாள் வரச் சொன்னாரு, மறுநாள் சர்வர் டவுன். எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆச்சு. இனிஷியல் பார்ட்டிங்க எல்லாரும் இத மொதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் பேபால தொறங்க.

அதுக்கப்புறம் சுலபம். அக்கவுண்ட் நம்பர் போட்டு ஐஎஃப்எஸ்சி போடணும், மொத்தம் 11 எழுத்து, அஞ்சாவது எழுத்து சைபர், இங்கிலீஷ் ஓ இல்ல. நான் ஓ போட்டுட்டு பத்து நிமிஷம் மண்டைய ஒடச்சேன். அது முடிஞ்சா பேபால் நம்ம அக்கவுண்டுக்கு ரெண்டு சின்னத் தொகை அனுப்பும். அது எவ்ளோன்னு பாத்து அதே நம்பர சைட்ல போய் போடணும், அக்கவுண்ட் நம்மளுதுன்னு அதுதான் ப்ரூஃப். எனக்கு எஸ்எம்எஸ்ஸே வரல, நாலாவது நாள் மினி ஸ்டேட்மென்ட் எடுத்தாத்தான் உக்காந்திருக்கு, ஒரு ரூபா எட்டு காசு, ஒரு ரூபா இருவத்திமூணு காசு. அம்மாகிட்ட காட்டுனேன். "காசு எடுப்பான்னு பாத்தா போட்டுட்டு போயிருக்கான்"னு சிரிச்சாங்க.

எனக்கு இந்த முறையில புடிச்சதே இதான். காசு அவங்க பக்கத்துலருந்து நம்ம பக்கம் வருது, நாம பாஸ்வேர்டும் குடுக்கல பின்னும் குடுக்கல ஓடிபியும் சொல்லல. முன்னாடி வேற ஒரு ஆப்ல (பேரு வேண்டாம்) வெரிஃபை பண்ணணும்னா நெட்பேங்கிங் யூசர் ஐடி, பாஸ்வேர்ட ஆப்குள்ளயே போடுன்னு வந்துச்சு, அப்பவே தூக்கிட்டேன். சில ஆப் நம்மள ஒரு ரூபா யுபிஐல அனுப்பச் சொல்லி உடனே திருப்பிப் போடும், அதுவும் ஒரு முறைதான், சீக்கிரமாவும் முடியும், ஆனா பின் அடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல எவ்ளோ தொகை, யார் பேருன்னு கண்ணத் தொறந்து பாக்கணும். காசு வாங்குறதுக்கு யுபிஐ பின் எப்பவுமே வேண்டாம், அத அடிக்கச் சொன்னா அது எடுக்குற வேலை.

அக்கவுண்ட் ரெடியாகி ஒரு வாரத்துல ஒரு போன். "மேடம் உங்க பேபால் வெரிஃபிகேஷன் பெண்டிங், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." இங்கிலீஷ் கொஞ்சம் ஹிந்தி கொஞ்சம்னு ரொம்ப மரியாதையா பேசுனாப்ல. நான் ஆப்ப தொறந்து பாத்துட்டேன், பெண்டிங்னு ஒன்னுமே இல்ல. கட் பண்ணிட்டு நம்பர பிளாக் பண்ணேன். என் நம்பர் அவனுக்கு எங்க கெடச்சுதோ. இதுல யாராவது ஓடிபி சொல்லிட்டீங்கன்னா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. இன்னொரு வித்தையும் இருக்கு, பேபால் சிஸ்டம் வழியாவே போலி இன்வாய்ஸ் அனுப்புவானுங்க, மெயில் ஒரிஜினல் அட்ரஸ்லருந்தே வரும், உள்ள நோட்ல மட்டும் "கேன்சல் பண்ண இந்த நம்பருக்குக் கூப்பிடு"ன்னு இருக்கும். கூப்பிடாதீங்க. மெயில்ல இருக்குற லிங்க்கயும் தொடாம நேரா ஆப்ல போய் பாருங்க. டூ ஸ்டெப் லாகினும் ஆன் பண்ணிடுங்க, எஸ்எம்எஸ்ஸ விட, போன்லயே லாகின் கோட் காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் பெட்டர்.

கொற இல்லாம இல்ல. கமிஷன் அதிகம், 4.4 சதவீதம், அது போக 30 சென்ட். 15 டாலர் ஃபைலுக்கு 96 சென்ட் போயிடுது, 14.04தான் மிச்சம், அதையும் ரூபாயா மாத்துறப்ப கூகுள்ல காட்டுற ரேட்ட விடக் கொறச்சுத்தான் குடுப்பாங்க. சின்னச் சின்ன பில்லா வாங்குனா அந்த 30 சென்ட் கடிக்கும், அதனால ரெகுலர் பார்ட்டிக்கு மாசம் ஒரே பில்லா போடுறேன். காசு தங்காது, தானாவே பேங்குக்கு வந்துடும். இங்க ஸ்விக்கி மாதிரி உள்ளூர் பேமென்ட்டுக்கெல்லாம் ஆகாது, உள்நாட்டு சர்வீஸ 2021 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க. வாங்குறவங்க 180 நாள் வரைக்கும் காசத் திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் (புகார்) போடலாங்கறதும் உண்டு, அதனால ஃபைல் அனுப்புன மெயில், அவங்க ஓகே சொன்ன மெசேஜ் எதையும் டெலிட் பண்றதில்ல.

வெரிஃபிகேஷனுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் கொறச்சது அந்த நாலு நாள் காத்திருப்புக்கு. கமிஷனுக்கு ரெண்டு. அந்த 2 ரூபா 31 காசு இன்னும் அந்த அக்கவுண்ட்லயேதான் கெடக்கு, அம்மா எடுக்க விடமாட்டேங்குறாங்க.