காடைக் குஞ்சுக்கு ஆழ்கூளமா, கூண்டா?

பொரித்த அன்று காடைக் குஞ்சு 7 முதல் 10 கிராம்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் தப்பினால் பிறகு கவலை குறைவு.

செலவு
ஆழ்கூளம் (தரையில் உமியைப் பரப்பி, அதன்மேல் வளர்ப்பது): நெல் உமி, வட்டமாக வளைத்த தகரம், ஒரு பல்பு.
கூண்டு: கம்பிவலை, எச்சத் தட்டு, பற்றவைப்புக் கூலி. முதலில் கையைக் கடிக்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

பாதுகாப்பு
ஆழ்கூளம்: இரையென்று உமியைக் கொத்தும். முதல் சில நாள் மேலே சாக்கு விரியுங்கள். வழவழப்பான செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். கால்கள் இருபக்கமும் வழுக்கி விரிந்து, குஞ்சு முடமாகிவிடும்.
கூண்டு: வலைக்கண் கால் அங்குலத்தைத் தாண்டினால் கால் சிக்கும். அடியிலிருந்து குளிரும் ஏறும்.

சுத்தம்
ஆழ்கூளம்: தினமும் கிளற வேண்டும். ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும்.
கூண்டு: தட்டை உருவிக் கொட்டினால் வேலை முடிந்தது.

தீவனமும் வெப்பமும் இரண்டுக்கும் ஒன்றே. புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத குஞ்சுத் தீவனத்தை ரவை பதத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் சூடு தேவை. விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளை நிரப்புங்கள். அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.

வீட்டுக்காக ஐம்பது, நூறு வளர்ப்பவருக்கு ஆழ்கூளம் போதும். விற்பனைக்கு நூற்றுக்கணக்கில் வளர்ப்பவருக்குக் கூண்டு. நானோ இரண்டு வாரம் உமியில் வைத்து, பிறகு கூண்டுக்கு மாற்றுகிறேன்.